ரேந்தைக் கையுறையும் நரசாப்பூர் விரல்களும்

கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே தக்காணப் பீடபூமியில் அமைந்திருப்பதால், ஹைதராபாத்தின் டிசம்பர், ஜனவரி பின்னிரவுகளில் கடலோரச் சென்னை அறியாத குளிர் நிலவுகிறது. சில நாட்களில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குகிறது. பனிநாடுகளுக்கு வேண்டிய தடித்த உறைகள் இக்குளிருக்கு மிகையாகும். மெல்லிய கம்பளி நூலில் துளை வேலைப்பாடாகப் பின்னப்படும் ரேந்தைக் கையுறையே இதற்குப் பொருத்தமானது. ரேந்தை என்பது லேஸுக்குத் தமிழில் வழங்கிவரும் பழைய பெயர். போர்த்துக்கீசிய மொழியின் 'ரெண்டா' என்ற சொல்லிலிருந்து வந்தது.

துளை பிறக்கும் விதம்

ஊசியின் மீது வரிசையாக நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் கண்ணி எனப்படும். நூலை ஊசியின் மேல் ஒருமுறை வெறுமனே சுற்றினால் அவ்விடத்தில் ஒரு துளையும் கூடுதலாக ஒரு கண்ணியும் உண்டாகும். அருகிலேயே இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் எண்ணிக்கை மீண்டும் சமமாகும். இலை, கொடி, வைரம் முதலிய வடிவங்கள் இவ்விரு செயல்களின் இணையிலிருந்தே பிறப்பதால், ஒரு சுற்றலை மறந்தாலும் வடிவம் பிசகிவிடும். பொறுமையாக எண்ணுவதே இக்கலையின் முதல் தகுதி.

குளிரைத் தடுப்பதில் நூலைவிட, கம்பளி இழைகளின் நெளிவுகளுக்கிடையே அசையாமல் தங்கும் காற்றுக்கே பங்கு மிகுதி. துளைகள் பெரிதானால் அக்காற்று எளிதில் வெளியேறிவிடும் என்பதால், புறங்கையில் மட்டும் ரேந்தையை அமைத்து, உள்ளங்கையையும் விரல்களையும் நெருக்கமான சாதாரணப் பின்னலாக விடுவது நலம். மணிக்கட்டில் இழுபடும் பட்டையில் தொடங்கி, நான்கு ஊசிகளில் கண்ணிகளைப் பகிர்ந்து ஐந்தாம் ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது மூட்டுத் தையல் இல்லாத குழல் உருவாகிறது. கட்டைவிரலின் அடியில் சில சுற்றுகளுக்கு ஒருமுறை இரண்டு கண்ணிகள் கூட்டப்பட்டு, விரல் விரிய இடம் தரப்படுகிறது. முடித்த உறையை நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்தி உலர்த்தும்போதுதான் சுருங்கிக் கிடந்த துளைகள் விரிந்து வடிவம் தெளிகிறது.

கோதாவரிக் கரையின் கொக்கி ஊசி

ஹைதராபாத்திலிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் அடையக்கூடிய நரசாப்பூர், ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்திலுள்ள ரேந்தை ஊர். இங்கு நடப்பது குரோஷா. அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் ஒவ்வொரு கண்ணியையும் முழுமையாக முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்லும் முறை. மேலே கண்ட ஊசிப்பின்னலை எந்திரம் செய்துவிடும். உண்மையான குரோஷாவை இன்றும் கைதான் செய்யவேண்டும். 1844-ஆம் ஆண்டளவில் மெக்ரே என்னும் கிறிஸ்தவ மிஷனரித் தம்பதியர் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் இக்கலை, கோதாவரி டெல்டாவின் வீடுகளில் பரவி வெளிநாட்டுச் சந்தைகளை எட்டியது. 2024-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

இப்பெருமைக்குள் ஒரு வேதனையும் உண்டு. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நரசாப்பூர் ஆய்வு நூல், வீட்டுக்குள்ளேயே அமர்ந்து நாள்தோறும் பல மணிநேரம் பின்னிய பெண்கள் தொழிலாளர்களாக எண்ணப்படாமல், ஓய்வுநேரத்தில் ஊசி பிடிக்கும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டதையும், ஏற்றுமதியின் ஆதாயம் வணிகர்களிடம் சேர்ந்ததையும் விரிவாகப் பதிவுசெய்தது. இதற்கு மாறாக, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய ரேந்தைப் பயிற்சியில், அடிமை நிலையிலிருந்த பெண்கள் சிலர் தாம் ஈட்டிய கூலியைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர். இரண்டும் ரேந்தை வேலைதான், கூலி உரிய கைக்குச் சேர்ந்ததா என்பதே இரண்டு ஊர்களின் வரலாற்றையும் வேறாக்கியது.

ஊசிப்பின்னல் நன்றாக இழுபடுவதால் கையோடு பொருந்துகிறது. குரோஷா உருக்குலையாமல் நிற்பதால் விளிம்புக்கு உகந்தது. ஆகவே, கம்பளியில் பின்னிய உறையின் மணிக்கட்டில் நரசாப்பூர் விளிம்பைத் தைத்தால், ஹைதராபாத்தின் மென்குளிருக்கு அழகும் பயனும் சேர்ந்த ஓர் அணி கிடைக்கும். அத்தகைய கையுறையை வாங்குவோர், அதைப் பின்ன எத்தனை மணிநேரம் ஆயிற்று, அவ்வுழைப்புக்குரிய கூலி பின்னியவருக்குக் கிடைத்ததா என்று விற்பவரிடம் கேட்டறிந்து வாங்கவேண்டும். அக்கேள்வி கடைதோறும் எழுந்தால்தான் இக்கலை அடுத்த தலைமுறையின் விரல்களுக்கும் செல்லும்.