கடைக் காருக்கு ஒரு பரீட்சை

பந்தயக் கார் என்றால் தனியாகச் செய்த வண்டி என்றே எண்ணுகிறோம். ஆஸ்திரேலியாவில் 1960-இல் பிலிப் தீவில் தொடங்கிய ஆர்ம்ஸ்ட்ராங் 500 மைல் பந்தயமோ, எவரும் கடையில் வாங்கக்கூடிய கார்களுக்கே உரியது. அங்கே பாதை பெயர்ந்துபோகவே, 1963-இல் பந்தயம் பாதர்ஸ்டு நகரின் பனோரமா மலைக்கு மாறியது. சுற்றுக்குச் சுற்று 174 மீட்டர் ஏறி இறங்க வேண்டும். மொத்தம் 130 சுற்றுகள்!

பிரேக் பிடிக்கும்போது ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. ஒரே வேகத்தில், எடை இரட்டித்தால் வெப்பமும் இரட்டிக்கும். பிரேக்கும் டயரும் விரைவில் தேயும். இலேசான மினி கூப்பர் எஸ் கார்களுக்கு இது நல்ல துணை. 1966-இல் அவையே முதல் ஒன்பது இடங்களையும் பிடித்தன. ஆனால் எடை மட்டுமே எல்லாம் அன்று. மறு ஆண்டே எட்டு உருளை இயந்திரம் பூண்ட ஃபோர்டு ஃபால்கன் வென்றது.

வேகம் ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும். உறுதியை அறிய 500 மைல் வேண்டும். கார் வாங்குவோருக்குப் பயன்படுவதும் அதுவே.