சிறகு முளைத்த குதிரையும் கைபேசிக்குள் வளரும் பிராணியும்

 

பெண்களுக்கான மார்க்க வகுப்பு முடிந்து புறப்படும் வேளையில் ஒரு தாய் கவலையோடு கேட்டார்:

"ஹஸரத், எங்கட மகள் போனுக்குள்ள ஒரு பிராணி வளர்க்கிறா. முயலும் இல்ல, பறவையும் இல்ல, ஆரோ கற்பனையில செஞ்சது. அதுக்குச் சாப்பாடு குடுக்க நடுச்சாமத்துல எழும்புறா. ஸுப்ஹுக்கு எழுப்பினா எழும்புறா இல்ல. வாசல்ல ஒரு பூனை குட்டி போட்டுக் கிடக்கு, அதைத் திரும்பியும் பார்க்கிறா இல்ல. அந்தப் பிராணிய அழிச்சுப் போடவா?"

இதே கேள்வி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எனவே சற்று ஆறுதலாகச் சிந்திப்போம்.

இவை எங்கிருந்து வந்தன?

1996ஆம் ஆண்டு ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 'தமகோச்சி' என்ற விளையாட்டுப் பொருளை வெளியிட்டது. 'தமகோ' என்றால் ஜப்பானிய மொழியில் முட்டை. உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவக் கருவி, சிறிய திரை, மூன்று பொத்தான்கள், இவ்வளவுதான். திரையில் ஒரு குஞ்சு பொரிக்கும். அதற்குப் பசித்தால் உணவும் நோய் வந்தால் மருந்தும் கொடுக்க வேண்டும். அதன் கழிவையும் துப்புரவாக்க வேண்டும். கவனிக்காவிட்டால் அது இறந்துவிடும். இதனால் பிள்ளைகள் வகுப்பிலும் அதையே பார்த்திருக்க, பல நாடுகளில் பாடசாலைகள் அதைத் தடை செய்தன. 1997இல் இதை உருவாக்கியோருக்கு 'இக் நோபல்' என்ற நையாண்டிப் பரிசு கொடுக்கப்பட்டது. இலட்சக்கணக்கான மனிதரின் வேலை நேரத்தை இல்லாத பிராணியை வளர்ப்பதில் செலவிட வைத்தார்களாம்!

1999இல் பிரித்தானியாவில் இருவர் 'நியோபெட்ஸ்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கினர். அங்கே கற்பனைப் பிராணி இனங்கள் பல. ஒருவர் கைவிட்ட பிராணியை இன்னொருவர் சுவீகரித்து வளர்க்கலாம். பட்டினி போட்டாலும் அவை சாவதில்லை. இன்று பிள்ளைகளின் கைபேசியில் இருப்பவையும் இவற்றின் வழி வந்தவையே.

நபிகளார் என்ன செய்தார்கள்?

இல்லாத பிராணியை நேசிப்பது புதிய விடயமல்ல. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பாவைகளுக்கு நடுவே ஒரு குதிரை இருந்தது. அதற்குத் துணியால் இரு சிறகுகள்! இது என்னவென்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். குதிரை என்றார் ஆயிஷா. குதிரைக்குச் சிறகா என்று நபிகளார் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்றார் ஆயிஷா. அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. அவர்கள் அக்குதிரையைப் பறிக்கவுமில்லை, சிறகைப் பிய்க்கவுமில்லை. உருவங்கள் பற்றிய கண்டிப்பு மார்க்கத்தில் உண்டு. ஆயினும் சிறுமியரின் பாவைகளுக்கு இமாம்களில் பெரும்பாலோர் விலக்களித்தனர்.

அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூஉமைர், தான் வளர்த்த சிறு குருவி இறந்ததால் வாடியிருந்தார். அந்தச் சிறுவரிடமும் நபிகளார் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். பிள்ளையின் துக்கம் அவர்களுக்கு அற்பமாகத் தெரியவில்லை.

வரம்பு எங்கே?

முதலாவது, தொழுகை. பிராணியின் பசிக்கு விழிக்கும் கண் ஸுப்ஹுக்கு விழிக்காவிட்டால் விளையாட்டு வரம்பு மீறிவிட்டது.

இரண்டாவது, பணம். உள்ளே எது இருக்கிறதென்று அறியாமல் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சில விளையாட்டுக்களில் உண்டு. 2018இல் பெல்ஜியம் நாட்டின் அதிகாரிகளே இத்தகைய சிலவற்றைச் சூதாட்டமென்று தீர்மானித்தனர். சூதை அல்லாஹ் ஸூரத்துல் மாஇதாவில் விலக்கியிருக்கிறான்.

மூன்றாவது, இரக்கம். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததைப் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் காண்கிறோம். திரையிலுள்ள பிராணிக்கு வலியில்லை. வாசலில் கிடக்கும் பூனைக்கு உண்மையான பசி இருக்கிறது.

தாயே, நீங்கள் செய்ய வேண்டியது

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அழிக்க வேண்டாம். மகளுக்கு அருகில் அமர்ந்து, அந்தப் பிராணியின் பெயரென்ன, அது என்ன தின்னும் என்று கேளுங்கள். இஷாவுக்குப் பின் கைபேசி உங்களிடம் இருக்கட்டும். காலையில் தொழுததும் பூனைக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள். அவள் நெஞ்சில் இரக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை உயிருள்ளதன் பக்கம் திருப்பிவிடுவதே உங்கள் வேலை.

சில வாரங்களின் பின் அத்தாயைக் கண்டேன். ஸுப்ஹுக்கு இன்னும் இரண்டு தடவை கூப்பிட வேண்டித்தான் இருக்கிறதாம். ஆனால் எழும்பியதும் மகள் தண்ணீர்க் கோப்பையோடு வாசலுக்குப் போகிறாளாம். பூனைக்கும் அந்தப் பிராணியின் பெயரையே வைத்திருக்கிறாளாம். அல்ஹம்துலில்லாஹ்!

நம் பிள்ளைகளின் உள்ளங்களில் இரக்கத்தை வளர்த்து, அதை உரிய இடத்தில் செலவிடும் அறிவையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.