இரண்டு மணி நேரமும் மூன்று நாளும்

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்திற்கு வான்வழியே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். போர்ட் பிளேர் என நெடுங்காலம் நாம் அறிந்திருந்த நகருக்கு 2024 செப்டம்பரில் சூட்டப்பட்ட பெயர் இது. விமானப் பயணம் இரண்டு மணி நேரத்தைச் சற்றே கடக்கும்.

சென்னையிலிருந்து கொல்கத்தாவும் ஏறக்குறைய இதே தொலைவில்தான் உள்ளது. ஆயினும், கொல்கத்தா விமானத்தில் இடம் கிடைக்காதவர் ரயிலேறி மறுநாள் போய்ச் சேரலாம். அந்தமானுக்கு அந்த வாய்ப்பில்லை. விமானத்தை விட்டால் கப்பல்தான். அது சென்றடைய இரண்டரை நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். மாதத்தில் சில தடவைகளே புறப்படும் அக்கப்பலையும் பருவமழைக் கடல் தாமதப்படுத்துவதுண்டு.

விமான நிலையத்திற்கு அண்மையிலுள்ள டாலிகஞ்ச் பகுதியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஊரில் ஒரு துக்கச் செய்தி. அல்லது சென்னையில் அவசர அறுவை சிகிச்சை. அவ்வேளையில் 1,370 கிலோமீட்டர் என்பது இரண்டு மணி நேரமா, மூன்று நாளா என்பதை முடிவு செய்வது, கடைசி நேரக் கட்டணத்தைச் செலுத்தக் கையிலிருக்கும் பணமே.

தொலைவை வேறு வகையிலும் உணரலாம். இரு நகரங்களுக்கும் கடிகாரம் ஒன்றே. ஆனால் தீர்க்கரேகையில் சுமார் பன்னிரண்டரை பாகை வேறுபாடு இருப்பதால், அங்கு கதிரவன் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்துகிறான். மாலையில் சென்னை வெயிலில் இருக்கும்போதே டாலிகஞ்சில் விளக்கேற்றிவிடுவார்கள்.

இத்தொலைவின் ஒரு பகுதியை 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கடலடி ஒளியிழை வடம் குறைத்துவிட்டது. சென்னையைத் தீவுகளுடன் இணைக்கும் அவ்வடத்தின் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். பணம் அனுப்புதல், கணக்கு விவரம் பார்த்தல் ஆகியவற்றை இருந்த இடத்திலிருந்தே விரைந்து முடிக்க அது துணைசெய்கிறது. ஓய்வூதியர் ஆண்டுதோறும் அளிக்கும் வாழ்வுச் சான்றையும் ‘ஜீவன் பிரமாண்’ வழியே மின்னணு முறையில் அளிக்கலாம். இவற்றுக்காக எவரும் கடல் கடக்க வேண்டியதில்லை.

ஆனால் மருத்துவமனைக்கும் துக்க வீட்டிற்கும் நேரில்தான் செல்ல வேண்டும். எனவே, தீவில் வாழும் வாடிக்கையாளர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே: குடும்பத்தினர் இருவரேனும் உடனடியாகச் சென்று திரும்புவதற்கான விமானக் கட்டணத்தை அவசர நிதியாகத் தனியே வைத்திருங்கள். அதை நீண்டகால வைப்பில் முடக்காமல், எந்நேரமும் எடுக்கத்தக்க சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவையுங்கள். பண்டிகைக்கும் திருமணத்திற்கும் அதைத் தொடாதீர்கள். முன்கூட்டியே தெரிந்த அப்பயணங்களுக்குச் சீட்டையும் முன்னரே பதிவு செய்துகொள்ளலாம்.