ஃபோர்க்லிஃப்ட் விபத்து: 'டிரைவர் பார்த்து ஓட்டியிருக்கணும்' என்று சொன்னால் போதுமா?

பட்டர்வொர்த் கொள்கலன் முனையம், பிறை கிடங்குகள், பாயான் லெப்பாஸ் விமான நிலையச் சரக்குப் பகுதி... பினாங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் இடம் எதுவானாலும் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓடும். யாராவது அடிபட்டால் முதலில் கிளம்பும் பேச்சு, "டிரைவர் பார்த்து ஓட்டியிருக்கணும்" அல்லது "அவன் ஏன் அங்க போய் நின்னான்?"

சட்டம் கேட்பது வேறு கேள்வி. விபத்துக்கு முன்பே முதலாளி என்ன ஏற்பாடு செய்திருந்தார்?

கார் மாதிரிதானே ஓட்டணும்?

இல்லை. ஃபோர்க்லிஃப்ட்டில் திரும்புவது பின்சக்கரங்கள். அதனால் வளையும்போது வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். பக்கத்தில் நிற்பவர் இதை எதிர்பார்க்க மாட்டார்.

2.5 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே ஏறக்குறைய 4 டன். மெதுவாக வந்து மோதினாலும் கால் நசுங்கிவிடும். சரக்கை உயர்த்தியபடியே திரும்பினால் வண்டி கவிழலாம். அப்போது வெளியே குதிப்பவர் மேல் வண்டியே விழும். சீட் பெல்ட் போடச் சொல்வது இதனால்தான்.

ஏற்று மேடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே ஃபோர்க்லிஃப்ட் இருக்கும்போதே லாரி நகர்ந்தால், நடுவில் விழும் இடைவெளியில் வண்டி சாய்ந்துவிடும். சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும், ஏற்றி முடியும்வரை லாரி சாவியை வாங்கி வைப்பதும் இதைத் தடுக்கும். இந்த நடைமுறையை டிரைவர் தனியாகக் கொண்டுவர முடியாது. நிர்வாகம்தான் உருவாக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-வது பிரிவு, நடைமுறையில் முடிந்த அளவு பாதுகாப்பை உறுதிசெய்வது முதலாளியின் கடமை என்கிறது. பாதுகாப்பான இயந்திரம், பாதுகாப்பான வேலைமுறை, பயிற்சி, மேற்பார்வை எல்லாம் இதில் அடங்கும். பிரேக் சரியில்லாத வண்டியைக் கொடுத்துவிட்டு "கவனமா ஓட்டு" என்று சொன்னால், கடமை முடிந்ததாக ஆகாது.

2024 ஜூன் 1 முதல் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. இந்தக் கடமையை மீறும் முதலாளிக்கான அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2 ஆண்டுவரை சிறையும் உண்டு. ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடுவதும் இப்போது சட்டப்படி கட்டாயம்.

தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. தன்னையும் மற்றவர்களையும் பாதிக்காதபடி அவர் வேலை செய்ய வேண்டும். ஆனால் அவருக்கான அதிகபட்ச அபராதம் 2,000 ரிங்கிட். யார் கையில் அதிகப் பொறுப்பு இருக்கிறது என்பது இந்த வித்தியாசத்திலேயே தெரியும்.

நான் காண்ட்ராக்ட் ஆள். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். குத்தகையாளரின் தொழிலாளர்களும் தன் கட்டுப்பாட்டில் உள்ள வேலையைச் செய்யும்போது, அவர்களுடைய பாதுகாப்புக்கும் நிறுவனம் பொறுப்பு. "அவங்க நம்ம ஆள் இல்ல" என்று கைகழுவ முடியாது.

ஆபத்து என்று தெரிந்தால் மறுக்கலாமா?

உடனடி ஆபத்து இருக்கிறது என நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், அந்த வேலையிலிருந்து நீங்கள் விலகிக்கொள்ளலாம். புதிய 26ஏ பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. பாதுகாப்பு பற்றிப் புகார் செய்ததற்காக உங்களை வேலைநீக்கம் செய்வதும் குற்றம்.

விபத்து நடந்துவிட்டால்?

மரணமோ கடுமையான காயமோ ஏற்பட்டால், முதலாளி உடனே ஜேகேகேபி எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பெர்கேசோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். தவறு யாருடையது என்று நிரூபித்தால்தான் பெர்கேசோ உதவி கிடைக்கும் என்பதில்லை. "உன் தப்பு, ஒண்ணும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

முதல் நாள் வேலைக்குப் போகும்போதே இவற்றைக் கேளுங்கள்:

• நடப்பவருக்கும் வண்டிக்கும் தனித்தனிப் பாதை இருக்கிறதா? தடுப்பு இருக்கிறதா, அல்லது வெறும் மஞ்சள் கோடுதானா?
• பயிற்சி பெற்றவர்கள் மட்டும்தான் ஓட்டுகிறார்களா? ஓட்டாத நேரத்தில் சாவி யாரிடம் இருக்கும்?
• பிரேக், ஹாரன், முள்கரம் ஆகியவற்றை தினமும் யார் சோதிக்கிறார்?
• லாரி கிளம்பலாம் என்று யார் சொல்வார்?

பதில் தெளிவாக இல்லையென்றால், மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி, பிறகு ஜேகேகேபி-யிடம் புகார் கொடுக்க வேண்டிவந்தால் அது உதவும்.