பாஸ்போர்ட்டும் சிறு நகரவாசியும்

இந்தியக் குடிமக்கள் வெளிநாடு செல்வதற்கு இன்றியமையாத ஆவணம் பாஸ்போர்ட். 36 பக்கங்களுடன் 10 ஆண்டுகள் செல்லத்தக்க பாஸ்போர்ட்டுக்கு, 2012 அக்டோபரில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் ரூ. 1,500. மும்பையில் வாழ்பவருக்கும் இதே கட்டணந்தான். பீகாரின் சிவான் மாவட்டத்தில் வாழ்பவருக்கும் இதே கட்டணந்தான். ஆயினும் இருவரும் உண்மையில் கொடுக்கும் விலை ஒன்றல்ல. பயணச் செலவு, வெளியூரில் தங்கும் செலவு, இழந்த நாட்கூலி, இடைத்தரகர் கையில் சேரும் பணம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் ஒரு பாஸ்போர்ட்டின் முழு விலை தெரியவரும். பெருநகரத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல இந்த விலை உயர்கிறது. மக்களின் வருமானமோ பெரும்பாலும் அதே திசையில் குறைகிறது.

கட்டணத்தில் உள்ள சமத்துவம் வாய்ப்பிலும் அமைய வேண்டுமாயின் இந்தக் கூடுதற் செலவு குறைய வேண்டும். இதற்கென எடுக்கப்பட்ட முயற்சிகள் யாவை, இன்னும் எஞ்சி நிற்கும் தடை யாது என்பன ஆராயத்தக்கவை.

சலுகையிலிருந்து உரிமைக்கு

முதல் உலகப் போருக்கு முன்னர் இந்தியாவில் பாஸ்போர்ட் வழங்கும் வழக்கம் இல்லை. போர்க்காலத்தில்தான் அது கட்டாயமாக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1954-ல் பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை, நாகபுரி ஆகிய ஐந்து நகரங்களில் மண்டல பாஸ்போர்ட் அலுவலகங்கள் அமைக்கப்பட்டன. பாஸ்போர்ட் வழங்குவது அந்நாளில் அரசின் விருப்பத்தைப் பொறுத்த ஒன்றாகவே கருதப்பட்டது. அதனை நெறிப்படுத்தும் தனிச் சட்டம் ஏதும் இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றியது சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்சநீதிமன்றம் 1967 ஏப்ரலில் அளித்த தீர்ப்பாகும். வெளிநாடு செல்லும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றும், சட்டத்தின் துணையின்றி அதனை மறுக்க இயலாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. இதன் விளைவாக அதே ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் பாஸ்போர்ட் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எக்காரணங்களுக்காக பாஸ்போர்ட் மறுக்கப்படலாம் என்பதை இச்சட்டம் வரையறுத்தது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றது. மேல்முறையீட்டுக்கும் வழி செய்தது. நாட்டின் பாதுகாப்பு போன்ற சில நேர்வுகள் நீங்கலாக, காரணத்தைக் கேட்டுப் பெறும் உரிமை விண்ணப்பதாரருக்கு உண்டு. பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்யும் நடைமுறையும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்பதை 1978 ஜனவரி 25-ல் மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு நிலைநாட்டியது.

ஆக, சட்டத்தின் பார்வையில் பாஸ்போர்ட் சலுகை அன்று. ஆனால் உரிமை சட்டப் புத்தகத்தில் இருப்பது ஒன்று. அது கைக்கு எட்டும் தொலைவில் இருப்பது மற்றொன்று.

தொலைவு என்னும் தடை

பல ஆண்டுகள் வரை, மண்டல அலுவலகம் உள்ள நகரங்களே பாஸ்போர்ட் பணியின் மையங்களாக இருந்து வந்தன. 2010-ல் பெங்களூரில் சோதனை முறையில் தொடங்கிய பாஸ்போர்ட் சேவைத் திட்டம் இதில் முதல் மாறுதலைக் கொண்டு வந்தது. 2012 நடுப்பகுதிக்குள் நாடெங்கும் 77 சேவை மையங்கள் திறக்கப்பட்டன. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்புதல், முன்கூட்டியே நாளும் நேரமும் குறித்தல் ஆகிய முறைகள் வழக்கத்திற்கு வந்தன. வரிசையில் நிற்கும் நேரம் இதனால் குறைந்ததேயன்றி, பயணத் தொலைவு அவ்வளவாகக் குறையவில்லை.

இரண்டாவது மாறுதலே சிறு நகரங்களைத் தொட்டது. 2017 ஜனவரி 25-ல் கர்நாடகத்தின் மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும் தலைமை அஞ்சலகங்களில் பாஸ்போர்ட் சேவை மையங்கள் சோதனை முறையில் தொடங்கப்பட்டன. தாஹோத், மத்தியப் பிரதேச எல்லையை ஒட்டி, பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். அங்கிருந்து மண்டல அலுவலகம் உள்ள அகமதாபாத் ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் இருக்கிறது, வதோதரா சுமார் 150 கி.மீ. விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும் என்பது விதி. குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர். எனவே, நால்வர் கொண்ட குடும்பம் விண்ணப்பித்தால் நால்வரும் பயணம் செய்ய வேண்டும். காலை நேர ஒதுக்கீடு கிடைத்தால் முந்தைய நாளே புறப்பட நேரிடும். நாட்கூலி பெறுவோருக்கு இது இரண்டு நாள் வருவாய் இழப்பாகும். உள்ளூர் அஞ்சலகத்திலேயே பணி முடியுமாயின் இச்செலவில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது.

எவரும் பாஸ்போர்ட்டுக்காக 50 கி.மீ.க்கு மேல் பயணம் செய்ய வேண்டியிராத நிலையை உருவாக்குவதே நோக்கம் என 2017-ல் அரசு அறிவித்தது. சேவை மையம் இல்லாத ஒவ்வொரு மக்களவைத் தொகுதியிலும் அஞ்சலக மையம் அமைப்பது என்னும் கொள்கையும் உருவாயிற்று. இன்று 430-க்கும் மேற்பட்ட அஞ்சலக மையங்கள் செயற்படுகின்றன. புதிய கட்டடம் எழுப்பாமல், ஏற்கெனவே உள்ள அஞ்சலகக் கட்டடத்தையும் பணியாளரையும் கொண்டு இச்சேவையை விரிவுபடுத்தியது, குறைந்த முதலீட்டில் மிகுந்த பயன் காண்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு எனலாம்.

விண்ணப்பம் செல்லும் வழி

விண்ணப்பதாரர் முதலில் அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அல்லது 2018-ல் வெளியிடப்பட்ட கைப்பேசிச் செயலியில் தம் பெயரைப் பதிவுசெய்து, படிவத்தை நிரப்பி, மையத்தைத் தேர்ந்து, கட்டணத்தைச் செலுத்தி, நேர ஒதுக்கீடு பெற வேண்டும். இணைய வசதி அற்றோர் பொதுச் சேவை மையங்களின் உதவியை நாடலாம். குறித்த நாளில் மூல ஆவணங்களுடன் மையத்திற்குச் சென்றால், ஆவணங்கள் சரிபார்க்கப்படும். புகைப்படமும் கைரேகையும் பதிவு செய்யப்படும். அஞ்சலக மையத்தில் பெறப்படும் விண்ணப்பத்தின்மீது முடிவு எடுப்பது மண்டல பாஸ்போர்ட் அலுவலகமே. அச்சிடப்பட்ட பாஸ்போர்ட் விரைவு அஞ்சலில் விண்ணப்பத்தில் கண்ட முகவரிக்கு அனுப்பப்படும்.

2018 முதல் விண்ணப்பதாரர் நாட்டின் எந்த மையத்தையும் தேர்ந்துகொள்ளலாம். தாஹோதைச் சேர்ந்த ஒருவர் சூரத்தில் வேலை செய்தால் அங்கேயே விண்ணப்பிக்க இயலும். ஆனால் போலீஸ் விசாரணை, விண்ணப்பத்தில் காட்டப்பட்ட முகவரியில்தான் நடைபெறும். பாஸ்போர்ட்டும் அம்முகவரிக்கே சென்று சேரும். வேலையின் பொருட்டு ஊர் மாறி வாழ்வோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பயணம்

மையம் அருகில் வந்துவிட்டபோதிலும் விண்ணப்பதாரர் ஒரே வருகையில் பணியை முடித்துத் திரும்பினால்தான் முழுப்பயன் கிட்டும். ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் மீண்டும் வர நேரும்போது செலவு இரட்டிப்பாகிறது. இன்றைய நிலையில் சிறு நகரவாசியின் முதன்மையான தடை தொலைவு அன்று. இத்தகைய முரண்பாடே ஆகும்.

இம்முரண்பாடு பெரும்பாலும் எவருடைய ஏமாற்று எண்ணத்தாலும் விளைவதன்று. குஜராத்தில் பள்ளிப் பதிவேடுகளில் குடும்பப் பெயர் முதலிலும், இயற்பெயர் அடுத்தும், தந்தை பெயர் இறுதியிலும் எழுதப்படுவது வழக்கம். பிற ஆவணங்களில் இவ்வரிசை மாறிவிடும். பள்ளியில் ‘ரமீலா’ எனப் பதிவான பெண், ஆதாரில் ‘ரமீலாபென்’ ஆகியிருப்பார். பீகாரில் திருமணத்திற்கு முன் ‘குமாரி’ என்றிருந்தது பின்னர் ‘தேவி’ என மாறும். தமிழ்நாட்டிலோ தந்தையின் பெயர் ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கி நிற்கும். பாஸ்போர்ட்டில் அதனை விரித்தே எழுத வேண்டும். ஒவ்வொரு வழக்கமும் அதனதன் ஊரில் இயல்பானதே. ஆயினும் இயற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டே கட்டங்கள் கொண்ட படிவத்தில் இவையெல்லாம் முரண்பாடுகளாகத் தோன்றுகின்றன.

விதிகள் இவ்வகையில் ஓரளவு தளர்த்தப்பட்டுள்ளன. 1989 ஜனவரி 26-ஆம் நாளன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ் தருவது முன்பு கட்டாயமாக இருந்தது. 2016 டிசம்பரில் இந்நிபந்தனை நீக்கப்பட்டு, பள்ளிச் சான்றிதழ், ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, வருமானவரி நிரந்தரக் கணக்கு அட்டை, ஓட்டுநர் உரிமம் முதலியனவும் பிறந்த தேதிக்குச் சான்றாக ஏற்கப்பட்டன. தாய், தந்தை ஆகிய இருவரில் ஒருவர் பெயரைக் கொடுத்தாலே போதும் என்றும், திருமணச் சான்றிதழ் தேவையில்லை என்றும் விதிகள் எளிமையாக்கப்பட்டன. நோட்டரி கையெழுத்துப் பெற்ற பிரமாணப் பத்திரங்களுக்கு மாறாக, வெற்றுத்தாளில் விண்ணப்பதாரரே எழுதிக் கையொப்பமிடும் உறுதிமொழி போதுமானதாயிற்று. இவ்வுறுதிமொழியில் பொய் கூறினால் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதையும் மறத்தல் ஆகாது.

எனினும், 2023 அக்டோபர் முதல் நாளன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே சான்றாகும் என 2025-ல் விதி திருத்தப்பட்டது. பிறப்பு நிகழ்ந்து ஓராண்டுக்குப் பின் அதனைப் பதிவுசெய்ய நிர்வாக நடுவரின் ஆணை பெற வேண்டும். ஆதலால் உரிய காலத்தில் பிறப்பைப் பதிவு செய்வது இனி மேலும் முக்கியத்துவம் பெறுகிறது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழின் மதிப்பு

வேலை தேடி வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் அடிப்படையில், பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுகள் பொதுவாக ‘குடியேற்றச் சரிபார்ப்பு தேவை’ என்னும் வகையில் அடங்கும். இவ்வகையினர் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமான், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடியேற்றக் காப்பாளரின் அனுமதி பெற வேண்டும். கல்வி குறைந்த தொழிலாளர் ஏமாற்றப்படாமல் காப்பதே இவ்விதியின் நோக்கம்.

ஆனால் தேர்ச்சி பெற்ற ஒருவரே சான்றிதழை இணைக்கத் தவறினால், அவரும் இவ்வகையிலேயே சேர்க்கப்படுவார். அதனைப் பின்னர் மாற்ற வேண்டுமாயின் மறுபடியும் கட்டணம் செலுத்தி வேறு பாஸ்போர்ட் பெற வேண்டியிருக்கும். வேலைக்கான அழைப்பு வந்த பின்னர் ஏற்படும் இத்தகைய தாமதம், சில வேளைகளில் அவ்வேலையையே இழக்கச் செய்துவிடும்.

போலீஸ் விசாரணை

விண்ணப்பதாரரின் குடியுரிமை, குற்றப் பின்னணி ஆகியவற்றை அறியவே போலீஸ் விசாரணை நடைபெறுகிறது. இதற்காக விண்ணப்பதாரர் எவருக்கும் பணம் செலுத்த வேண்டியதில்லை. இப்பணிக்கான தொகையை மாநிலப் போலீஸ் துறைக்கு மத்திய அரசே ஈடுசெய்கிறது; 21 நாட்களுக்குள் அறிக்கை அனுப்பினால் அத்தொகை கூடுதலாக வழங்கப்படுகிறது. விண்ணப்பதாரர் வீட்டில் இல்லாமையாலும், முகவரி தெளிவின்றி இருப்பதாலும் அறிக்கை முழுமையுறாமல் போவதுண்டு.

நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பது பாஸ்போர்ட் மறுப்பதற்கு ஒரு காரணமாகும். ஆயினும் அந்நீதிமன்றத்தின் அனுமதி பெற்றவர்களுக்கு 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை விலக்களிக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவானது மட்டுமே வழக்கு நிலுவையாகக் கருதப்படுவதில்லை. சிற்றூர்ச் சச்சரவுகளில் பெயர் சிக்கிய இளைஞர்கள் பலர் இதனை அறியாமலே விண்ணப்பத்தைக் கைவிட நேரலாம்.

புதுப்பித்தல்

‘புதுப்பித்தல்’ என மக்கள் வழங்குவது நடைமுறையில் ‘மறுவழங்கல்’ ஆகும். பழைய ஏடு ரத்து செய்யப்பட்டு, புதிய எண்ணுடன் புதிய ஏடு வழங்கப்படும். காலாவதிக்கு ஓராண்டு முன்னரே இதற்கு விண்ணப்பிக்கலாம். பயணத்தின்போது பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதங்களேனும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் எனப் பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. ஆதலின் இறுதி நாள்வரை காத்திருத்தல் நன்றன்று. பதினைந்து வயதுக்கு உட்பட்டோரின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுகளுக்கோ 18 வயது நிறையும் வரையிலோ, எது முன்னதோ அதுவரை செல்லும். 2025 முதல் மின்னணுச் சில்லு பொருத்திய பாஸ்போர்ட்டுகள் நாடெங்கும் வழங்கப்பட்டு வருகின்றன. பழைய பாஸ்போர்ட்டுகள் அவற்றில் குறித்த நாள்வரை செல்லும். அவற்றை உடனே மாற்றியாக வேண்டும் எனக் கூறும் தரகர்களை நம்பத் தேவையில்லை.

அலுவலர் பொறுப்பு

பாஸ்போர்ட் அலுவலகம், ஒருவரைப் பற்றிய பதிவுகளைச் சரிபார்க்கும் கடைசி இடமேயன்றி அவற்றை உருவாக்கும் இடமன்று. பிறப்பைப் பதிவுசெய்யும் ஊராட்சி அலுவலர், பள்ளியில் பெயர் எழுதும் தலைமையாசிரியர், ஆதார் மையத்தின் பணியாளர் ஆகியோர் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவரது வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கக்கூடும். பள்ளிச் சான்றிதழ் வழங்குமுன் பிறப்புச் சான்றிதழோடு அதனை ஒப்பிட்டு, வேறுபாட்டை அப்போதே திருத்தித் தருவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதே திருத்தத்தைப் பின்னாளில் விண்ணப்பதாரரே அலைந்து செய்துகொள்ளும்போது அதன் விலை பன்மடங்காகிறது.

மையங்களை மக்களருகே கொண்டு சென்றதில் நிர்வாகம் குறிப்பிடத்தக்க வெற்றி கண்டுள்ளது. ஊரளவில் எழுதப்படும் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தும் நிலையை எய்தும்போதுதான், ரூ. 1,500 என்னும் கட்டணம் மும்பைவாசிக்கும் சிவான்வாசிக்கும் உண்மையிலேயே ஒன்றாகும்.