தவறிய டப்பாவும் ஒரு சந்தேகமும்

பெரிய படநிறுவனங்களின் வணிக வாய்பாட்டைச் சாராமல் உருவாகும் படைப்பு சுயாதீனத் திரைப்படம் எனப்படுகிறது. அவ்வகையில், மணவாழ்வில் எழும் ஐயத்தை மென்னகையுடன் அணுகிய மிகச் சிறந்த மும்பைப் படமாக, ரித்தேஷ் பத்ரா இயக்கி 2013இல் வெளிவந்த ‘தி லஞ்ச்பாக்ஸ்’ என்னும் இந்திப் படத்தைக் குறிப்பிட வேண்டும். வீட்டுச் சமையலை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டப்பாவாலாக்களைப் பற்றி முதலில் ஆவணப்படம் எடுக்க எண்ணிய பத்ரா, பின்னர் இடம் மாறிச் சென்ற ஒரு டப்பாவைக் கொண்டு இக்கதையைப் புனைந்தார்.

கணவனின் மனத்தை மீட்க, நிம்ரத் கௌர் நடித்த இலா என்னும் பெண் சமைத்தனுப்பும் உணவு, இர்ஃபான் கான் நடித்த சாஜன் ஃபெர்னாண்டஸ் என்னும் ஓய்வுபெறவிருக்கும் ஊழியரைச் சென்றடைய, டப்பாவுக்குள் கடிதங்கள் பயணிக்கத் தொடங்குகின்றன. கணவனுக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பிருக்கிறது என்பதை, துவைக்க எடுத்த சட்டையின் மணத்திலிருந்து இலா உய்த்துணரும் காட்சியில் கூச்சலோ சண்டையோ இல்லை. நிம்ரத் கௌரின் முகமே அனைத்தையும் சொல்லிவிடுகிறது என்பதால், படத்தின் உச்சம் அதுவே எனலாம். திரையில் ஒருமுறையும் தோன்றாமல், பாரதி அச்ரேக்கரின் குரலாக மட்டுமே மேல்மாடியிலிருந்து சமையல் யோசனை சொல்லும் தேஷ்பாண்டே ஆன்ட்டி, நகைச்சுவையின் பெரும்பங்கைச் சுமக்கிறார். இயக்குநர்களின் முதல், இரண்டாம் படங்களுக்கென கான் திரைப்பட விழாவையொட்டி நடைபெறும் விமர்சகர் வாரத்தில், இப்படம் பார்வையாளர் விருதைப் பெற்றது.