ஒரு பிட்டின் மாறுவேடம்

ஒரே ஆல்பம். அதே கலைஞர்கள், அதே அறை, அதே மைக். ஆனால் பதிவிறக்கக் கடையில் அதற்குக் கீழே ஆறு விலைகள் தொங்குகின்றன: ஃபிளாக் 96, ஃபிளாக் 192, டிஎக்ஸ்டி, டிஎஸ்டி 64, டிஎஸ்டி 128, டிஎஸ்டி 256. இந்தப் பட்டியலைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு தந்திரமும் ஒரு பிடிவாதமும் இருக்கின்றன. வாங்க, ‘வாங்கு’ பொத்தானுக்குப் பின்பக்கமாக நுழைந்து பார்த்துவிடுவோம்.

முதலில் டிஎஸ்டி. ‘டைரக்ட் ஸ்ட்ரீம் டிஜிட்டல்’ என்று சோனியும் பிலிப்ஸும் வைத்த பெயர். சோனி தன்னிடம் குவிந்திருந்த பழைய மாஸ்டர் டேப்களைப் பத்திரப்படுத்த ஒரு வழி தேடியபோது வளர்ந்த நுட்பம் இது. சிடியில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுவார்கள். டிஎஸ்டியில் ஒரே ஒரு பிட். ஒன்று, இல்லையென்றால் சுழியம். அதை விநாடிக்கு 28,22,400 முறை எழுதுகிறார்கள்! சிடியின் வேகத்தைப் போல 64 மடங்கு. பெயரோடு ஒட்டியிருக்கும் 64 அதுதான்.

வெறும் ஒன்றையும் சுழியத்தையும் வைத்துக்கொண்டு ஒரு வயலின் இழுப்பை எப்படிச் சொல்ல முடியும்? செய்தித்தாளில் அச்சான புகைப்படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பாருங்கள். எல்லாம் கறுப்புப் புள்ளிகள். புள்ளிகள் பெருத்துக் கறுப்பு கூடினால் இருட்டு, சிறுத்து வெள்ளை கூடினால் வெளிச்சம். இங்கேயும் அதே கதை. ஒலி அலையின் உச்சியில் ஒன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும், பள்ளத்தில் சுழியங்கள். அப்படியானால் மௌனம்? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். மௌனம் என்றால் எல்லாம் சுழியமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? டிஎஸ்டியில் முழு மௌனத்துக்கு அனுப்பும் வழக்கமான வரிசை 01101001. நாலு ஒன்று, நாலு சுழியம், சரிபாதி. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அரை விநாடி ஒன்றுமே கேட்காத போதும், ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு மட்டும் 14 லட்சம் பிட்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு முரட்டு அளவீட்டில் இரைச்சல் வராதா? ஏராளமாக வரும். அதை அழிப்பதில்லை, காதுக்கு எட்டாத 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தள்ளிவிடுகிறார்கள். கேட்கிற எல்லைக்குள் சுத்தம், அதற்கு மேலே பேரிரைச்சல். டிஜிட்டலை மின் அலையாக மாற்றும் ‘டேக்’ பெட்டி கடைசியில் அதை வடிகட்டிவிடும்.

அடுத்து டிஎக்ஸ்டி. அதற்கு நார்வே போக வேண்டும். அங்கே ‘2எல்’ என்றொரு சின்ன லேபிள். அதை நடத்தும் மோர்டன் லிண்ட்பெர்க் பெரும்பாலும் தேவாலயங்களில்தான் பதிவுசெய்கிறார். இசைக்கலைஞர்கள் ரசிகர்களைப் பார்த்து வரிசையாக உட்காருவதில்லை. நடுவே மைக்குகளின் ஒரு கொத்து. அதைச் சுற்றி வட்டமாக அவர்கள். ஒரு செல்லோ கூடுதலாகக் கேட்க வேண்டுமா? நாற்காலி நகரும். அந்த அறையின் காற்றிலேயே சமநிலை பிடிக்கும் வேலை! இப்படிப் பதிவான ‘லக்ஸ்’ ஆல்பத்துக்கு 2020இல் கிராமி விருது கிடைத்தது. இங்கே பதிவு செய்யும் வடிவம் டிஎக்ஸ்டி: விநாடிக்கு 3,52,800 அளவுகள், ஒவ்வொன்றும் 24 பிட். சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேர ஸ்டீரியோ இசைக்கு ஏறத்தாழ ஏழரை ஜிபி.

டிஎஸ்டி இருக்கும்போது டிஎக்ஸ்டி எதற்கு? கடைப் பக்கங்கள் பெரிய எழுத்தில் சொல்லாத ரகசியம் இங்கேதான். டிஎஸ்டியை வெட்டி ஒட்டுவது மகா கடினம். எண்களாக எழுதிய ஒலியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு எண்ணையும் 0.9ஆல் பெருக்கலாம். ஆனால் ஒற்றைப் பிட்டை 0.9ஆல் பெருக்கினால் வருவது பிட் இல்லையே! அதனால் சுவிட்சர்லாந்தின் மெர்ஜிங் நிறுவனம், தன் ‘பிரமிக்ஸ்’ எடிட்டிங் மென்பொருளுக்காக டிஎக்ஸ்டியைக் கொண்டுவந்தது. டிஎஸ்டி அங்கே எண்களாக மாறும். எடிட் முடிந்ததும் மறுபடி ஒற்றைப் பிட்டாகும். இரண்டு பதிவுகளை ஒட்டும் இடத்தை மட்டும் மாற்றி, மீதியைத் தொடாமல் விடவும் வழி உண்டு. ஒரு நல்ல எடிட்டர் அந்தச் சில மில்லிவிநாடிகளுக்காகப் படும் பாட்டை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. மாற்றமே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் புளூ கோஸ்ட் ரெக்கார்ட்ஸை நடத்தும் குக்கி மரென்கோ அந்தப் பக்கம்: கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும், கலவை அனலாக் மேசையில் நடக்க வேண்டும், பிறகுதான் டிஎஸ்டி.

1999இல் டிஎஸ்டி மக்களிடம் வந்தபோது அதற்குப் பூட்டு போட்டிருந்தார்கள். சூப்பர் ஆடியோ சிடி என்ற வட்டு. அதன் உயர்தர அடுக்கைச் சாதாரணக் கணினி டிரைவ் வாசிக்கவே வாசிக்காது. காசு கொடுத்து வாங்கியவருக்கும் அப்போது நகல் எடுக்க வழியில்லை. அதே பிட்டுகள் இன்று திறந்த கோப்பாகக் கிடைக்கின்றன! நெதர்லாந்தில் சேனல் கிளாசிக்ஸ் லேபிளைத் தொடங்கிய சாக்ஸ் குடும்பத்திலிருந்து வந்த ‘நேட்டிவ் டிஎஸ்டி’ கடை இதற்கென்றே இருக்கிறது. ஒரு மணி நேரம் டிஎஸ்டி 64இல் இரண்டரை ஜிபி, 256இல் பத்து ஜிபி. கோப்பு வகை கேட்டால் டிஎஸ்எஃப் எடுங்கள். ஆல்பம் பெயரும் அட்டைப்படமும் அதற்குள்ளேயே உட்காரும்.

இறக்கியாயிற்று. இனி கணினியிலிருந்து டேக் வரை ஒரு யூஎஸ்பி கம்பி. இந்த ஒரு மீட்டரில் நடப்பதுதான் நாடகத்தின் உச்சம்! கணினிகள் பழகியது எண்களாக எழுதிய பிசிஎம் ஒலி. ஒற்றைப் பிட் ஓடை வந்தால் பாதை கிடையாது. 2010களின் தொடக்கத்தில் சில நிறுவனங்களின் பொறியாளர்கள் கூடி ஒரு மாறுவேடம் தைத்தார்கள். சூப்பர் ஆடியோ சிடியின் பிறப்பிலேயே பங்கிருந்த ஆந்திரேயாஸ் கோக் அவர்களில் ஒருவர். 24 பிட் பிசிஎம் சட்டத்தை எடுத்துக்கொள். அதில் 16 இடங்களில் டிஎஸ்டி பிட்டுகளை அடுக்கு. மிச்சமிருக்கும் மேல் 8 இடங்களில் ஒரு அடையாளக் குறி வை. அந்தக் குறி 05, அடுத்த சட்டத்தில் எஃப்ஏ, மறுபடி 05 என்று மாறி மாறி வரும். கணினி அதை விநாடிக்கு 1,76,400 அளவுள்ள சாதாரண ஒலி என்று நம்பி வழிவிடுகிறது. மறுமுனையில் டேக் குறியைப் பார்த்ததும் வேடத்தைக் கழற்றி, உள்ளே இருப்பதை டிஎஸ்டியாகவே பாடுகிறது. வழியில் யாராவது கணினியின் வால்யூமைத் துளி தொட்டால் குறி கலைந்துவிடும், இசைக்குப் பதில் ‘உஸ்’ என்று இரைச்சல்தான். எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத யோசனை இது.

இதற்கு நேர்எதிர் கதை எம்க்யூஏ என்ற ஒலி வடிவம். மெரிடியன் நிறுவனத்தின் பாப் ஸ்டூவர்ட் 2014 டிசம்பரில் அறிமுகப்படுத்தினார். உயர் அதிர்வெண் தகவலை மடித்து, கோப்பின் அடிப் பிட்டுகளில் இரைச்சலோடு இரைச்சலாக ஒளித்துவைப்பது. காகித மடிப்புக் கலையின் பெயரால் அதை ‘ஓரிகாமி’ என்றார்கள். உரிமம் பெற்ற டேக்கில் போட்டால் மடிப்பு விரியும், ஒரு நீல விளக்கு எரியும். அந்த நீலம் அழகுதான். ஆனால் மடிக்கவும் உரிமம், விரிக்கவும் உரிமம். முழுக்க இழப்பற்றதும் இல்லை. 2023 ஏப்ரலில் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது, செப்டம்பரில் கனடாவின் லென்புரூக் வாங்கியது, 2024 ஜூலையில் டைடல் ஸ்ட்ரீமிங் சேவை எம்க்யூஏவை விலக்கி, இழப்பின்றிச் சுருக்கும் திறந்த வடிவமான ஃபிளாக்குக்கு மாறியது. கோப்பாக வாங்கியவர்களிடம் பாட்டு இருக்கிறது, சாதாரண டேக்கிலும் பாடும். மடிப்பு விரிவது மட்டும் இன்னொருவர் சாவியை நம்பியிருக்கிறது. விற்கப்பட்ட இசையில் அப்படி ஒரு சாவி இருக்கவே கூடாது என்பது என் கட்சி.

காதுக்கு வித்தியாசம் தெரியுமா என்ற கேள்விக்கு வருவோம். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவின் ஆடியோ பொறியியல் சங்க இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர வட்டுகளின் ஒலியை நடுவில் சிடி தரத்துக்குக் குறைத்துப் பார்த்தார்கள். கேட்டவர்களால் ஊகத்தைவிட மேலாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே கட்டுரையில் இன்னொன்றும் எழுதினார்கள்: அந்த உயர்தர வட்டுகள் பெரும்பாலும் சாதாரண சிடிகளைவிட நன்றாகவே ஒலித்தன, காரணம் அவற்றை உருவாக்கியவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை. எனக்கு இது ஏமாற்றமே இல்லை, கொண்டாட்டம்! நாற்காலியை நகர்த்தியவரும் ஒட்டுப்போட்ட இடத்தில் மில்லிவிநாடிகளோடு மல்லுக்கட்டியவரும்தான் அந்தப் பத்து ஜிபிக்குள் இருக்கிறார்கள். அதனால் நான் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவதில்லை. பதிவு முதலில் எந்த வடிவத்தில் நடந்தது என்ற வரியைத் தேடுவேன். நேட்டிவ் டிஎஸ்டி அதை ஆல்பப் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. டிஎக்ஸ்டியில் பதிவானதை 256 டிஎஸ்டியாக அதிக விலைக்கு வாங்குவதைவிட, டிஎக்ஸ்டியையே வாங்கலாம்.

நம்பாதவர்கள் காசே செலவழிக்க வேண்டாம். 2எல் தன் தளத்தில் ‘டெஸ்ட் பெஞ்ச்’ என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறது. ஒரே இசைத்துண்டு சிடி தரத்தில், 96 கிலோஹெர்ட்ஸில், 192இல், டிஎக்ஸ்டியில், டிஎஸ்டியில் என்று வரிசையாக, எல்லாம் இலவசம். இன்றிரவே இறக்குங்கள். பெயர்களை மறைத்துவிட்டு வேறு ஒருவரைப் போடச் சொல்லுங்கள், கணினியின் வால்யூமை மட்டும் தொடவிடாதீர்கள்!